கைமாத்துப் போன ஏழு ஞாயிறுகள்

12.01.2016 — ரூ. 1,200
26.07.2016 — ரூ. 3,100
21.03.2017 — ரூ. 750
25.07.2017 — ரூ. 3,100
17.10.2017 — ரூ. 150
20.03.2018 — ரூ. 900
24.07.2018 — ரூ. 3,400
16.10.2018 — ரூ. 150
19.03.2019 — ரூ. 750
15.10.2019 — ரூ. 150
23.11.2021 — ரூ. 600

இவை செங்கொடி என்பவர் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குக் கட்டிய தொகைகள். மொத்தம் ரூ. 14,250. பதினொரு ரசீதுகளின் நகலும் என்னிடம் இருக்கிறது. பதினொரு தேதிகளும் செவ்வாய்க்கிழமைகள். செவ்வாய்தான் அவருடைய வார விடுப்பு. வங்கிக்குப் போக அவருக்கு வேறு நாள் கிடையாது.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் 2005ஆம் ஆண்டு முதல் செங்கொடி வேலை செய்கிறார். வீடு வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாம் மாடி. அதிகாலையில் கொருக்குப்பேட்டை வரை நடந்து வந்து ரயில் ஏறுவார். காலை ஆறு மணிக்குள் தொழிற்சாலை வாசல் பலகையில் தன் எண் பொறித்த டோக்கனை மாட்டியாக வேண்டும். அந்த வாசலில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த டோக்கன் தொங்குகிறது, எது தொங்கவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. நான் அங்கே டைம்கீப்பர். முப்பத்தோரு வருடம் எழுதினேன். 29.02.2020 அன்று ஓய்வு பெற்றேன்.

செங்கொடியின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சங்கத்தில் இருந்தவர் என்பதால் மகளுக்கு அந்தப் பெயர். அவர் முதுகில் அடிபட்டுப் படுத்தபோது மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. கணவர் வல்லரசு மணலியில் டேங்கர் லாரி கிளீனர்.

கேன்டீனை நடத்துவது ஒப்பந்ததாரர். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் கைமாறும். புதிதாக வருகிறவர் பழைய ஆட்களையே வைத்துக்கொள்வார், ஆனால் எல்லாரும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததாகக் கையெழுத்து வாங்குவார். பத்தொன்பது வருடத்தில் ஐந்து ஒப்பந்ததாரர்கள். அதாவது செங்கொடி ஐந்து முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கம்பெனியின் நேரடி ஊழியராக வேண்டுமென்றால் அலுவலக வேலைக்கு மாற வேண்டும், அலுவலக வேலைக்குப் பட்டம் வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவருக்குப் பட்டம் எங்கே கிடைக்கும்?

ஷேர் ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரம் அதற்குப் பதில் சொன்னது. பள்ளி முடிக்காதவர்களும் சேரலாம், பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும். ஆறு மாதம் ஆயத்தப் படிப்பு, பிறகு மூன்று வருடம் பட்டப் படிப்பு. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. ஆயத்தப் படிப்பை முடித்து பி.காம். சேர்ந்தார்.

கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று அந்த விளம்பரம் சொன்னது உண்மைதான். ஆனால் உள்ளே போன பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நேர்முக வகுப்பு நடப்பதாகச் சொன்ன திருவொற்றியூர்ப் பள்ளிக்கு 17.09.2016 சனிக்கிழமை மாலை போனார். கேட் பூட்டியிருந்தது. மையம் ராயபுரத்துக்கு மாறி ஒரு மாதமாகிவிட்டது என்று காவலாளி சொன்னார். யாருக்கும் கடிதம் வரவில்லை. மூன்றாம் வருடப் புத்தகங்கள் தபாலில் வந்து சேர்ந்தபோது முதல் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. உதவி எண்ணை அழைத்தால் ஒரு பாட்டு கேட்கும், பிறகு தொடர்பு அறுந்துவிடும்.

கேன்டீனில் இட்லிக் கொப்பரைக்குப் பின்னால் ரவை டின்மேல் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பார். பக்கங்கள் நீராவியில் சுருண்டு போயிருக்கும். சாப்பிட வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"இன்னா வாத்தியாரம்மா, சாம்பார்ல டெபிட் ஜாஸ்தியா கீது, கிரெடிட்டே காணோம்!"

"நைனா, உன் தட்டுல மூணாவது வடை எப்டி வந்துச்சின்னு மொதல்ல கணக்கு சொல்லு. அப்பால சாம்பாருக்கு வரலாம்."

கணக்குப் பதிவியலில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை நாற்பத்தொரு மதிப்பெண். வணிகப் புள்ளியியல் ஒருமுறை, வருமான வரி ஒருமுறை. பதினைந்து தாள்களை முடிக்கப் பத்தொன்பது முறை தேர்வு அறைக்குப் போனார்.

தேர்வுகள் எல்லாம் சனி, ஞாயிறுகளில், காலை பத்து முதல் ஒரு மணி வரை. செங்கொடியின் ஷிப்டு ஆறு முதல் இரண்டு வரை. வருடத்துக்கு அவருக்கு ஆறு நாள்தான் விடுப்பு. அதில் நான்கைத் தேர்வுக்கு வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் பன்னிரண்டு தேர்வுகள் விடுப்பில் நடந்தன. மிச்சம் ஏழு. ஏழும் ஞாயிற்றுக்கிழமைகள்.

வார விடுப்பை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் உண்டு. ஏழு நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும். தேர்வு அனுமதிச் சீட்டோ தேர்வுக்கு நான்கு அல்லது ஐந்து நாள் முன்புதான் வரும். அது இல்லாமல் படிவத்தை வாங்க மாட்டார்கள். ஆனாலும் செங்கொடி ஒருமுறை கெஞ்சிப் படிவம் கொடுத்தார். அனுமதி வந்தது. தேர்வு முடிந்து பத்தொன்பது நாள் கழித்து வந்தது.

அதனால் கேன்டீன் பெண்கள் எப்போதும் செய்கிறதைச் செய்தார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கைமாத்து. அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாயை வட்டியில்லாமல் வாங்கித் திருப்புவது போல, ஒரு ஷிப்டை வாங்கித் திருப்புவது. உன் விடுப்பு நாளில் நீ வந்து என் டோக்கனை மாட்டி என் வேலையைச் செய், என் விடுப்பு நாளில் நான் வந்து உன் டோக்கனை மாட்டி உன் வேலையைச் செய்கிறேன். பிள்ளைக்கு அம்மை, வீட்டில் சாவு, கோர்ட்டு வாய்தா, எல்லாவற்றுக்கும் இதுதான். கம்பெனிக்கு ஓர் ஆளும் குறைந்ததில்லை, ஒரு வேளைச் சோறும் தாமதமானதில்லை.

செங்கொடிக்குக் கைமாத்துக் கொடுத்தவர் காத்தூன் பீவி. புளியந்தோப்புக்காரர், செங்கொடியைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ஞாயிறு விடுப்பு. முதல் ஞாயிறு, 11.06.2017. காலை 5.52க்கு அவர் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று 318ஆம் எண் டோக்கனை மாட்டினார். 318 செங்கொடியுடையது. அவருடையது 322.

"இன்னா டைம் சாரு, 318 தொங்குதா?"

"தொங்குது. 318 எங்கே?"

"நாந்தான் 318. இன்னிக்கி என் பேரு செங்கொடி. சொம்மா மூஞ்சப் பாத்துகினு இருக்காத, நம்பரப் பாரு."

நான் எண்ணைப் பார்த்தேன். 318, வருகை, 5.52 என்று எழுதினேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். டோக்கன் தொங்கினால் வருகை. அதுதான் அங்கே வழக்கம்.

11.06.2017, 18.06.2017, 10.06.2018, 17.06.2018, 09.12.2018, 09.06.2019, 15.12.2019. இந்த ஏழு நாளும் காத்தூன் பீவி செங்கொடியாக இருந்தார். அடுத்து வந்த செவ்வாய்களில் செங்கொடி காத்தூன் பீவியாக இருந்தார். 2019 ஜூனில் மட்டும் வல்லரசு மருத்துவமனையில் இருந்ததால் அடுத்த செவ்வாய் வர முடியவில்லை. இரண்டு வாரம் தள்ளி 25.06.2019 அன்று வந்து திருப்பினார். ஒரு நாள்கூட பாக்கி இல்லை.

கடைசித் தேர்வின் முடிவு 2020 மார்ச்சில் வந்தது. பிறகு ஊரடங்கு. பட்டச் சான்றிதழ் 2022 பிப்ரவரியில் தபாலில் வந்தது. செங்கொடி அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்தார். இரண்டு வருடம் எந்தக் காலியிடமும் அறிவிக்கப்படவில்லை.

03.04.2024 அன்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். ஸ்டோர்ஸ் கிளார்க், ஓர் இடம். ஏதாவதொரு பட்டம் வேண்டும். வளாகத்தில் பத்து வருடம் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் விண்ணப்பிக்கலாம். நியமன நாளில் நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. செங்கொடி பிறந்தது 14.11.1979. ஏழு மாதத்துக்குச் சற்று மேலே இருந்தது. அடுத்த காலியிடம் எப்போது வந்தாலும் அவருக்கு அது பயன்படாது.

09.04.2024 செவ்வாய்க்கிழமை, ஒரு துணிப்பையில் எல்லாக் காகிதங்களையும் போட்டுக்கொண்டு திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தார். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துதரக் கேட்டார். என்னைத் தேடி வந்ததற்குக் காரணம், நான் எழுதிக் கொடுத்த காகிதம் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு.

கேட்டிருந்தது இரண்டு: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். அவ்வளவுதான். இரண்டின் நகலைக் குத்தி அனுப்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

நான் பதினொன்று இணைத்தேன். சேர்க்கை அட்டை, ஒரே கட்டாகக் குத்திய கட்டண ரசீதுகள், ஆயத்தப் படிப்புச் சான்று, தேர்வு அனுமதிச் சீட்டுகள் எல்லாம். அனுமதிச் சீட்டில் அவருடைய புகைப்படம், தேதி, நேரம், ஒவ்வொரு தாளுக்கும் எதிரே தேர்வு அறைக் கண்காணிப்பாளரின் கையொப்பம். தொலைநிலைப் பட்டம் என்றாலே சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், முழுமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இணைப்புகளுக்கு வரிசை எண் போட்டு முகப்பில் ஒரு பட்டியலும் எழுதினேன்.

"இவ்ளோ வெக்கணுமா சார்?" என்று செங்கொடி கேட்டார்.

"இருந்தா நல்லதுதானே. எவனும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது" என்றேன்.

15.04.2024 அன்று விண்ணப்பம் போனது. 20.05.2024 அன்று எழுத்துத் தேர்வு. ஆறு பேர் எழுதினார்கள். செங்கொடிக்கு 71, அடுத்தவருக்கு 58. கேன்டீனில் அன்று கேசரி செய்தார்கள்.

01.07.2024 அன்று பணியாளர் துறையிலிருந்து குறிப்பாணை வந்தது. அங்கே அலெக்ஸாண்டர் என்று புதிய அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை. தனக்கு வந்த காகிதத்தை முழுவதும் படிக்கிறவர். அனுமதிச் சீட்டுகளின் தேதிகளைப் படித்தார். ஞாயிறுகளைப் பார்த்தார். பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டார். வேறு எந்த ஆலையிலும் அவை கிடைத்திருக்காது. இங்கே கிடைத்தன, ஏனென்றால் ஓய்வு பெறுவதற்கு முன் வருட வாரியாக பைண்டு செய்து அட்டையில் எழுதி அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தவன் நான்.

குறிப்பாணையின் சாரம் இது: மேற்கண்ட ஏழு தேதிகளில் காலை ஆறு முதல் இரண்டு வரை நீங்கள் பணியில் இருந்ததாகப் பதிவு உள்ளது. அதே தேதிகளில் பத்து முதல் ஒன்று வரை தேர்வு எழுதியதாகவும் சீட்டு உள்ளது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஏழு நாளில் விளக்கம் தருக.

மறுநாள் செவ்வாய். செங்கொடியும் காத்தூன் பீவியும் வந்தார்கள். காத்தூன் பீவி அன்று கைமாத்து எதுவும் வைக்கவில்லை, அந்த வழக்கம் 2021இல் முகத்தைப் பார்த்து வருகை பதியும் கருவி வந்ததோடு போய்விட்டது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

செங்கொடி உட்காரவில்லை. குறிப்பாணையை மேஜைமேல் வைத்தார்.

"நீங்கதான சார் எல்லாத்தையும் வெக்கச் சொன்னீங்க."

"ஆமாம்."

"நான் கேட்டேன்ல? இவ்ளோ வெக்கணுமான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இப்ப இன்னா எழுதறது? பரீட்சையில இருந்தேன்னு எழுதினா, வேலைக்கி வராம சம்பளம் வாங்கினேன்னு ஆவும். வேலையில இருந்தேன்னு எழுதினா, ஆள் வெச்சிப் பரீட்ச எழுதினேன்னு ஆவும். டிகிரிய டுபாக்கூருன்னு சொல்லுவான். எட்டு வருசம் சார்!"

காத்தூன் பீவி என் கதவருகே உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"பேரு சின்னப்பையன்னு வெச்சிகினு பெரிய வேலயா பாத்து வெச்சிகீற நைனா" என்றார் என்னிடம். "ஏண்டி, இதுல இன்னா கீது? நான் ஏழு நாளு நீயா இருந்தேன். நீ ஏழு நாளு நானா இருந்தே. ரெண்டு பேரும் முதுவு ஒடிய வேல செஞ்சோம். கம்பெனிக்கி இன்னா நஷ்டம்? ஒரு இட்லி கொறஞ்சிதா?"

"அத அவன்கிட்ட சொல்ல முடியாதுக்கா. உன்னையும் இழுப்பான். ரெண்டு வருசத்துல நீ வெளிய போப்போற. செட்டில்மெண்ட்டுல கைய வெப்பான்."

அதுதான் சிக்கல். உண்மையை எழுதினால் காத்தூன் பீவியின் பெயர் வரும். எழுதாவிட்டால் பட்டம் போகும். அன்று மாலை வரை உட்கார்ந்தோம். கடைசியில் செங்கொடி சொன்னபடி எழுதினேன்: ஏழு தேர்வுகளையும் நானே நேரில் எழுதினேன். அந்த நாட்களில் எனக்குப் பதிலாக வேறொரு தொழிலாளி வேலை செய்தார். அவருக்குப் பதிலாக நான் வேறு ஏழு நாள் வேலை செய்து ஈடு செய்தேன். அவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. தேதிகளை மட்டும் அட்டவணையாகக் கொடுத்தேன்.

08.07.2024 அன்று கொடுத்தோம். ஜூலை முழுவதும் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் செங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டார். "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கோ, ஃபைலை மூடிடுவாங்க, எல்லாருக்கும் நல்லது" என்றாராம். செங்கொடி மறுத்தார். வாபஸ் வாங்கினால் தான் தேர்வே எழுதவில்லை என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விசாரணைக்கு 24.09.2024 குறித்தார்கள். நானும் போனேன். வழக்கம் இன்னதென்று இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அலெக்ஸாண்டர் அதைப் படித்தார். பிறகு 2017ஆம் வருடப் பதிவேட்டைத் திறந்து பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். 'மேற்கண்டவர்கள் பணிக்கு வந்ததை நேரில் பார்த்துப் பதிவு செய்தேன்' என்று அங்கே அச்சடித்த ஒரு வரி உண்டு. அதற்குக் கீழே என் கையொப்பம்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்."

"நேர்ல பார்த்தீங்களா?"

"டோக்கனைப் பார்த்தேன்."

"டோக்கனைன்னு இங்க போடலையே. ஆளைன்னு போட்டிருக்கு. இந்தப் பதிவேடு பொய்யா, இல்ல இன்னிக்கு நீங்க எழுதிக்கிட்டு வந்திருக்கிற இந்த ரெண்டு பக்கம் பொய்யா? ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. நான் எதை நம்பறது?"

அவர் செங்கொடி பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குப் பதிலா வந்தது யாரும்மா? பேரைச் சொன்னா விசாரிச்சு முடிச்சிடலாம்."

"சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப அப்படி ஒருத்தர் இருந்தாங்கன்னு எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. வேல போனா போவுது. பரீட்ச நான்தான் எழுதினேன். அத மட்டும் ஒத்துக்கோங்க."

அந்த நேரத்தில் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு காத்தூன் பீவி வந்தார். கையில் தட்டு, ஐந்து டம்ளர் டீ. அன்று அலுவலகக் கட்டடத்துக்கு டீ கொண்டுவரும் முறை அவருடையது. அல்லது முறையை யாரிடமிருந்தோ அவர் வாங்கியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

"நான்தான் சார்" என்றார்.

"என்னம்மா?"

"பேரு கேட்டியே. காத்தூன் பீவி, டோக்கன் 322. ஏழு நாளும் நான்தான் அவளா இருந்தேன். டீ எடுத்துக்கோ, ஆறிடும்."

"அக்கா, நீ சும்மா இரு" என்றார் செங்கொடி.

"நீ சும்மா இருடி. சாரு, அட்டவணைல கீற அந்தச் செவ்வாக்கெழமைல்லாம் என் நம்பரப் பாரு. வருகைன்னு போட்டிருக்கும். அன்னிக்கி நான் வூட்ல கீறேன். துணி தொவச்சிகினு இருந்தேன். இவதான் இங்க எனக்கோசரம் பாத்திரம் தேச்சிகினு இருந்தா. கூட்டிக் கழிச்சிப் பாரு, சரியா வரும். நீயும் படிச்சவன்தான?"

அலெக்ஸாண்டர் உண்மையிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி ஒவ்வொரு செவ்வாயாக டிக் அடித்தார். ஏழும் சரியாக இருந்தன. டீயைக் குடித்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. எனக்கு நம்பிக்கையும் இருக்கு. ஆனா என் நம்பிக்கையை ஃபைல்ல வைக்க முடியாது. தேர்வு எழுதினது இவங்கதான்னு பல்கலைக்கழகம் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்துட்டா ஷிப்டு விஷயத்துக்கு எச்சரிக்கையோட முடிச்சிட்டு ஆர்டர் போட்டுடறேன்."

"எப்ப கேப்பீங்க சார்?" என்றார் செங்கொடி. "நவம்பர் பதினாலு எனக்கு நாப்பத்தஞ்சு முடியுது."

"உடனே கேக்கறேன்."

கடிதம் 10.10.2024 அன்று புறப்பட்டது. உடனே என்பதற்கு அங்கே பதினாறு நாள். நகல் எங்களுக்கு வந்தது, முகவரி சரியாக இருந்தது, பதிவுத் தபால் எண்ணும் இருந்தது. 14.10.2024 அன்று பல்கலைக்கழகத்தில் கையொப்பமிட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு செங்கொடி ஐந்து செவ்வாய்கள் அந்த அலுவலகத்துக்குப் போனார். 15.10 அன்று, கடிதம் தபால் பிரிவிலிருந்து இன்னும் மேலே வரவில்லை என்றார்கள். 22.10 அன்று, அது தேர்வுப் பிரிவுக்கா மாணவர் பிரிவுக்கா என்று முடிவாகவில்லை. 29.10 அன்று தீபாவளிக்கு முந்தைய செவ்வாய், இருக்கைகளில் பாதி காலி. 05.11 அன்று, 2017ஆம் வருட அறை வருகைத் தாள்கள் கிடங்கில் இருக்கின்றன, கிடங்குச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில். 12.11 அன்று நானும் கூடப் போனேன். ஜன்னலில் இருந்த பெண்ணிடம் அனுமதிச் சீட்டுகளின் அசலையே காட்டினோம். இதோ புகைப்படம், இதோ உங்கள் கண்காணிப்பாளரின் கையொப்பம், இதைப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும் என்றேன்.

"அது நாங்க உங்களுக்குக் குடுத்தது சார்" என்றார் அந்தப் பெண். "நாங்க குடுத்ததை வச்சே நாங்க சரிபார்க்க முடியாது. எங்க ரிக்கார்டுலதான் பார்க்கணும்."

முப்பத்தோரு வருடம் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன், அந்தப் பதிலை வெளியே நின்று கேட்டேன். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செங்கொடி அசல் சீட்டுகளை எண்ணித் துணிப்பைக்குள் அடுக்கினார். இறங்கும் இடத்தில், "நாளான்னிக்கி சார்" என்று மட்டும் சொன்னார்.

14.11.2024 வியாழக்கிழமை. ஆறு மணிக்கு அவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். கருவி அவர் முகத்தைப் பார்த்துப் பச்சை விளக்கு எரிந்தது. அலெக்ஸாண்டர் பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார், பதினொன்றரைக்கும் பேசியிருக்கிறார். மதியம் கேன்டீனுக்கு வந்து செங்கொடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாராம்.

02.12.2024 அன்று கம்பெனியின் கடிதம் வந்தது. விண்ணப்பதாரருக்கு 14.11.2024 அன்று நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டதால் அவர் விண்ணப்பம் முடித்து வைக்கப்படுகிறது. அவர் குறிப்பிட்ட நாட்களில் எங்கே இருந்தார் என்ற கேள்வி எழவில்லை. பொய் வருகைக்காக அவருக்கும் காத்தூன் பீவிக்கும் எழுத்து மூலம் எச்சரிக்கை. இருவரிடமிருந்தும் ஏழு மாத வருகைப் போனஸ் பிடித்தம் செய்யப்படும்.

கேள்வி எழவில்லை என்ற வரியை நான் நான்கு முறை படித்தேன். ஐந்து மாதம் அந்த ஒரு கேள்விதான் எழுந்து நின்றது. அதற்காகத்தான் விளக்கம், விசாரணை, கடிதம் எல்லாம். அதைத் தீர்க்காமலேயே அது எழவில்லை என்று எழுத ஒருவருக்குக் கை வந்திருக்கிறது. அதே வரிக்குக் கீழே பொய் வருகைக்கு எச்சரிக்கையும் இருக்கிறது. அப்படியானால் அவர் அங்கே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே இல்லை என்றால் வேறெங்கே இருந்தார்? இதைக் கேட்டுப் பணியாளர் துறைக்கு 09.12.2024 அன்று நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

ஸ்டோர்ஸ் கிளார்க் இடம் 58 வாங்கியவருக்குப் போனது. அவர் கேன்டீனுக்கு வரும்போது செங்கொடியிடம் வணக்கம் சொல்கிறாராம், கண்ணைப் பார்ப்பதில்லையாம்.

"போனஸ் புடிச்சத நெனச்சாதான் பேஜாரா கீது" என்றார் காத்தூன் பீவி, சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "ஏழு நாளு அவளா இருந்ததுக்கு இவ்ளோ காசுன்னு தெரிஞ்சிருந்தா, பரீட்சையும் நானே எழுதிட்டு வந்திருப்பேன்."

செங்கொடி சிரிக்கவில்லை.

"எனக்கு இப்ப அந்த வேல வாணாம்கா. அந்தக் காயிதம் வந்தா போதும்."

"வந்து இன்னாத்துக்கு?"

"வரட்டும்."

வந்தது. பல்கலைக்கழகத்தின் கடிதம், கம்பெனிக்கு முகவரியிட்டு, நகல் அவருக்கு. ஒரு பக்கம்தான். 10.10.2024 தேதியிட்ட தங்கள் கடிதம் தொடர்பாக, குறிப்பிட்ட ஏழு தேர்வுகளின் அறை வருகைத் தாள்களும் விடைத்தாள் முகப்புகளும் சரிபார்க்கப்பட்டன, கையொப்பங்கள் ஒத்துள்ளன, மாணவி ஏழு தேர்வுகளையும் நேரில் எழுதியுள்ளார், பட்டம் உண்மையானது என்று இருந்தது. கீழே கையொப்பம், முத்திரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. செங்கொடி அதை வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு எடுத்து வந்தார். உறையின் மேல் தபால் முத்திரை தெளிவாக இல்லாததால், வந்த தேதியை ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொன்னார். குறித்துக் கொடுத்தேன்.

22.01.2025, புதன்கிழமை.